அண்ணி வெட்டிய இளநீர்

வெள்ளம் வந்தபோது எனக்குப் பயம் வரவில்லை. சொன்னால் யாரும் நம்புவதில்லை. தண்ணீர் வாசல்படி ஏறி, சோபாவை நனைத்து, ஃபிரிட்ஜை மல்லாக்கச் சாய்த்து மிதக்கவிட்டபோதும் எனக்குக் கோபம்தான் வந்தது. படகில் எங்களை ஏற்றிக்கொண்டவர்கள் பையைக் கீழே வைக்கச் சொன்னார்கள் என்று அவர்களையும் ஒரு பிடி பிடித்தேன். பையில் என் வீட்டுக்காரரின் மருந்து இருந்தது. பள்ளிக்கூட மண்டபத்தில் பாயை விரித்துப் படுத்த பிறகும், அடுத்த பாய்க்காரி விடுகிற குறட்டைக்காகப் புலம்பிக்கொண்டு கிடந்தேன். எங்கள் தாமான் குடியிருப்பில் என் வாய்க்குத் தனிப் பேர் உண்டு. கோபம் இருக்கிறவரை மனுஷி தெம்பாக இருக்கலாம்.

பயம் வந்தது தண்ணீர் வடிந்த பிறகுதான்.

என் வீட்டுக்காரருக்குச் சிறுநீரகம் இரண்டும் செயலிழந்து வருடங்கள் ஆகின்றன. லோரி ஓட்டிக்கொண்டிருந்தவர். சர்க்கரை நோய் முதலில் கண்ணைத் தொட்டது, பிறகு காலைத் தொட்டது, கடைசியில் சிறுநீரகத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. ஒன்று விட்டு ஒரு நாள் குளுவாங் டவுனில் ஒரு கடைவீட்டின் கீழ்த்தளத்திலிருந்த சென்டருக்குப் போய் மெஷினில் ரத்தம் கழுவ வேண்டும். எங்கள் பக்கத்தில் டயாலிசிஸ் என்று வாய் வலிக்க யாரும் சொல்வதில்லை. ரத்தம் கழுவுவது என்போம், துணி கழுவுகிற மாதிரி. நேரத்துக்குக் கழுவினால் மனுஷர் நன்றாகவே இருப்பார். சந்தைக்குப் போவார், செய்தி கேட்பார், என் சமையலில் குறை சொல்வார்.

ஊசி குத்துவதற்காக அவருடைய இடது கையில் ஆபரேஷன் செய்து ரத்தக்குழாய்களை இணைத்திருக்கிறார்கள். அந்த இடம் கயிறு மாதிரி புடைத்திருக்கும். விரலை வைத்தால் உள்ளே தேனீ இரைவது போல ஓர் அதிர்வு தெரியும். அந்த அதிர்வு இருந்தால் ரத்தம் ஓடுகிறது, எல்லாம் சரி என்று அர்த்தம். படுக்கப் போகும் முன் அதைத் தொட்டுப் பார்ப்பது என் வழக்கம். விளக்கேற்ற மறந்தாலும் அதை மறக்கமாட்டேன்.

சென்டரில் அவருக்குப் பக்கத்து நாற்காலிக்காரர் ஒரு சீனர், கலகலப்பான ஆள். டுரியான் சீசனில் மகன் வாங்கி வந்த பழத்தை ஆசைக்குக் கொஞ்சம் தின்றுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. வலியில்லை, சத்தமில்லை. அதற்குப் பிறகு சென்டர் மிஸி, அங்கே நர்ஸாக இருப்பவர், எங்கள் எல்லாரையும் உட்காரவைத்துச் சொன்னார். பழத்திலும் இளநீரிலும் பொட்டாசியம் என்று ஒன்று இருக்கிறது. நல்ல சிறுநீரகம் அதை வெளியே தள்ளிவிடும். சிறுநீரகம் போனவருக்கு அது ரத்தத்திலேயே தேங்கி, நெஞ்சை அப்படியே நிறுத்திவிடும்.

"வாழைப்பழம், டுரியான், இளநி. இதெல்லாம் உங்களுக்கு வெசம்னு நெனைச்சுக்குங்க," என்றார் மிஸி. என் வீட்டுக்காரர் பெரிய தலையாட்டல் ஆட்டினார். அந்தக் காலி நாற்காலியை எல்லாரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

இதெல்லாம் வெள்ளத்துக்கு முந்திய கதை.

மண்டபத்திலிருந்து வீட்டுக்குப் போகலாம் என்று விட்ட அன்று, நான் வீட்டுக்குப் போகவில்லை. அவரை ஒரு தெரிந்தவர் காரில் உட்காரவைத்துவிட்டு நேரே சென்டருக்கு நடந்தேன். டவுனே சேற்றைப் பூசிக்கொண்டு நின்றது. கடைகளிலிருந்து அரிசி மூட்டைகளை வெளியே இழுத்துப் போட்டிருந்தார்கள். ஊறி வெடித்துப் புளித்த வாடை. சென்டரின் கதவு திறந்திருந்தது. உள்ளே மெஷின்கள் கழுத்துவரை மண்ணில் நின்றன. நாற்காலிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. மிஸி முட்டிவரை சேற்றோடு கடை வாசல் அஞ்சடியில் நின்றுகொண்டு போனில் பேசிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் போனை இறக்கினார்.

"ஒரு மெஷின்கூட மிஞ்சலம்மா. எல்லாரையும் பெரியாஸ்பத்திரிக்குத் திருப்பி விட்டிருக்காங்க. அங்கயும் பைப்ல தண்ணி இல்ல, லோரித் தண்ணியிலதான் மெஷின் ஓடுது. மொறை வெச்சு ஒவ்வொருத்தரா கூப்பிடறாங்க. அவர் பேரையும் குடுத்துட்டேன். கூப்பிடுவாங்க."

"எப்ப மிஸி?"

"அதான் தெரியல. அதுவரைக்கும் தண்ணி வாய் நனைக்கிற அளவுதான். சாப்பாட்டுல கவனம். மூச்சு வாங்கினா, நெஞ்சு ஒரு மாதிரி இருந்தா காத்திருக்காதீங்க, தூக்கிக்கிட்டு ஓடுங்க."

எனக்கு யாரை ஏசுவது என்று தெரியவில்லை. அங்கேதான் பயம் பிடித்தது. ஏற்கெனவே அவர் கழுவ வேண்டிய முறை தவறி, அடுத்ததும் தவறிப் போயிருந்தது.

வீட்டைப் பற்றி என்ன சொல்வது. கதவைத் தள்ளியதும் சேறு என் கணுக்கால்மேல் வழிந்தது. துணி துவைக்கும் மெஷினுக்குள் பாம்பு சுருண்டிருந்தது. பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பெண்மணி, நான் மக்சிக் என்று கூப்பிடுகிறவர், தன் மகனைக் கூட்டிவந்து அதை எடுத்துப் போடவைத்தார். கரண்ட் இல்லை. குழாயைத் திறந்தால் காற்று மட்டும் சீறியது. தண்ணீர் சுத்திகரிக்கிற இடமும் முங்கிவிட்டதாம். எலி மூத்திரம் கலந்த சேற்றில் காய்ச்சல் வரும், வெறுங்காலோடு நடக்காதே என்றார்கள். எல்லாம் காதில் விழுந்தது. ஆனால் என் கண் அவர் காலிலேயே இருந்தது. வீங்கியிருந்தது. விரலால் அமுக்கினால் குழி விழும். அந்தக் குழி எழும்பி வர எடுக்கும் நேரம் காலைக்கும் மாலைக்கும் கூடிக்கொண்டே போனது.

அதைவிடப் பெரிய வேதனை அவருடைய தாகம். இந்த நோய்க்காரர்கள் குடிக்கிற தண்ணீர் உள்ளேயே தங்கிவிடும், நெஞ்சில் ஏறி மூச்சை அடைக்கும். அதனால் அளந்துதான் குடிக்க வேண்டும். அவர் ஒரு வழி வைத்திருந்தார். ஐஸ் கட்டியை வாயில் போட்டு உருட்டிக்கொண்டே இருப்பார். ஒரு கட்டி வெகுநேரம் தாங்கும், தாகமும் ஏமாந்துபோகும். இப்போது ஃபிரிட்ஜ் மல்லாந்து கிடந்தது, ஊரிலேயே ஐஸ் இல்லை. வெயிலோ பிளந்து கட்டியது. வெள்ளம் வடிந்த பிறகு அடிக்கிற வெயிலுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. மண்ணிலிருந்து ஆவி எழும்பி மூக்கை அடைக்கும்.

அவர் உதட்டை நக்கிக்கொண்டே இருப்பார். நான் ஒரு சின்னக் குவளையில் அளந்து கொடுப்பேன். குடித்துவிட்டுக் குவளையைக் கவிழ்த்து, கடைசிச் சொட்டு நாக்கில் விழும்வரை அண்ணாந்திருப்பார்.

"இன்னும் கொஞ்சம் குடு. உசிரா போயிரும்?"

"போயிரும். அதுக்குத்தான் சொல்றேன்."

"ராட்சசி," என்பார். நான் குவளையைக் கழுவாமல் அப்படியே எடுத்து வைப்பேன். கழுவ ஏது தண்ணீர்.

மகள் சிங்கப்பூரில் வேலை செய்கிறாள். போனில் அழுதாள். வருகிறேன், வருகிறேன் என்றாள். வழியெல்லாம் அடைத்துக் கிடந்தது. அவளுக்குத் தைரியம் சொல்லிவிட்டுப் போனை அணைத்தேன், சார்ஜ் தீரக்கூடாது, ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டால் எடுக்க வேண்டும். அவர் கண்ணயரும் போதெல்லாம் கையைத் தொட்டுத் தேனீயைத் தேடுவேன். இருந்தது. ஒவ்வொரு தடவையும் இருந்தது. இருந்தாலும் அடுத்த தடவை இருக்குமா என்று விரலை எடுக்க மனம் வராது.

மறுநாள் காலையில் தண்ணீர் லோரி வருகிறது என்று சத்தம் கேட்டது. வீட்டில் மிஞ்சிய பாத்திரம் பொங்கலுக்காக வாங்கி அலமாரிமேல் வைத்திருந்த புதுப்பானையும் ஒரு வாளியும்தான். பொங்கல் வருவதற்குள் பானை லோரித் தண்ணீருக்குப் போக வேண்டும் என்று அதன் தலையில் எழுதியிருந்தது. அவரை முன்வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, "எங்கயும் போகாதீங்க, எதையும் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனேன்.

தாமான் முனையில் வரிசை பாம்பாய் நீண்டிருந்தது. லோரியில் ஒரே குழாய், அதுவும் நூலாய் ஊற்றியது. முன்னால் நின்ற ஒருத்தி குழந்தைகள் குளிக்கும் தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். இது நிறைவதற்குள் எங்களுக்குப் பல் விழுந்துவிடும் என்றேன். அவள் முறைத்தாள். நான் அதைவிட நன்றாக முறைத்தேன். ஒரு வழியாக என் முறை வந்தது. பானையைக் குழாய்க்கு நேரே வைக்கிற நேரம், பின்னால் புதிதாக வந்து நின்ற அடுத்த லைன் வீட்டுப் பெண் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"உங்க நாத்தனார் தோட்டத்துலேர்ந்து லோரியில வந்திருக்காங்கக்கா. தாமானுக்கே இளநி வெட்டிக் குடுக்கறாங்க. என்ன இனிப்பு."

அந்த இடத்திலேயே பானையை விட்டேன். வாளியையும் விட்டேன். ஓடினேன்.

அண்ணி என்றால் என் வீட்டுக்காரரின் அக்கா. குளுவாங்கிற்கு வெளியே மேட்டு நிலத்தில், எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கிப் பொறுக்கியே உடம்பு இறுகிப் போனவர். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை, தம்பிதான் எல்லாம். தோட்டத்து ஜனங்களுக்கு ஒரு கணக்கு உண்டு. ஊர்த் தண்ணீர் கெட்டுப்போனால் மரத்தில் ஏறி இளநீர் இறக்கு. அம்மை போட்டாலும் இளநீர், பேதி என்றாலும் இளநீர், பிரசவித்தவளுக்கு மயக்கம் என்றாலும் இளநீர். பூமித் தண்ணீரில் ஆயிரம் அழுக்கு சேரும், கடவுள் ஓட்டுக்குள் அடைத்து வைத்ததில் எந்தக் கிருமியும் ஏறாது. டவுனில் தண்ணீர் இல்லை என்று கேள்விப்பட்டதும் அண்ணி என்ன செய்வார் என்று நான் யோசித்திருக்க வேண்டியதே இல்லை. அவர் ஒருநாளும் சென்டருக்கு வந்ததில்லை. மிஸி சொன்னது அவர் காதில் விழுந்ததில்லை. தம்பி தண்ணீர் குறைத்துக் குடிக்க வேண்டும் என்பது மட்டும்தான் அவருக்குத் தெரியும்.

சேற்றில் வழுக்கி விழுந்து, எழுந்து, ஒரு செருப்போடு வீட்டு முனைக்கு வந்தேன். வாசலில் தோட்டத்து லோரி நின்றது. அண்ணி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பாராங் கத்தியால் இளநீர்த் தலையைச் சீவிக்கொண்டிருந்தார். மக்சிக் இரண்டு கையாலும் ஒன்றைப் பிடித்து அண்ணாந்து குடித்துக்கொண்டிருந்தார். நல்ல காரியம் நடக்கிற வீடு மாதிரி வாசலில் ஆட்கள். என் வீட்டுக்காரர் வைத்த இடத்தில் நாற்காலியில் இருந்தார். முகத்தில் வெகுநாளாய் நான் பார்க்காத ஒரு நிம்மதி. நாற்காலிக்கு அடியில் வெறும் இளநீர்க் கூடு ஒன்று, அதன் பக்கத்தில் இன்னொன்று.

"குடிச்சீங்களா?"

"இல்லையே. அது மக்சிக்கோடது."

பனியனில் வழுக்கைத் துண்டு ஒட்டியிருந்தது. வெள்ளையாக, ஈரம்கூடக் காயாமல்.

அந்தச் சீனரின் காலி நாற்காலி கண்முன் வந்து நின்றது. என்னிடம் இருந்தது ஒரு வாய்தான், அதைத் திறந்தேன்.

"யாரைக் கேட்டு அண்ணி குடுத்தீங்க?"

அண்ணி பாராங்கை நிறுத்தினார். தம்பியைப் பார்த்தார். அவர் சேற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணி மறுபடியும் என்னைப் பார்த்தார்.

"நாந்தான் குடிக்கச் சொன்னேன்," என்றார்.

"அது அவருக்கு வெசம். ரத்தம் கழுவி எத்தன நாளாச்சு தெரியுமா? நெஞ்சு நின்னுரும். தம்பி தம்பின்னு வந்து கொல்லத்தான் வந்தியா நீ?"

இத்தனை வருஷத்தில் அண்ணியை நான் 'நீ' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. வாசலில் இருந்தவர்கள் எல்லாரும் இளநீரைக் கீழே வைத்தார்கள். அண்ணி பாராங்கைச் சாக்கில் துடைத்துச் சுற்றினார். லோரி ஓட்டி வந்த இந்தோனேசியரிடம் போய் ஏதோ சொன்னார். திரும்பி வந்து தம்பியின் அக்குளுக்குள் தோளைக் கொடுத்து, நெல் மூட்டையைத் தூக்குகிற மாதிரி தூக்கி நிறுத்தினார்.

"ஏத்து," என்றார் என்னிடம்.

லோரியின் முன்பக்கத்தில் டிரைவர், நடுவில் அவர், கதவோரம் நான். அண்ணி பின்னால், செம்பனைக் குலை ஏற்றுகிற திறந்த தட்டில், மிச்சமிருந்த இளநீர்ச் சாக்குக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண்ணாடி வழியாக அவருடைய புடவை முந்தானை மட்டும் ஆடுவது தெரிந்தது. நான் அந்தப் பக்கம் பார்க்காமல் இருக்கப் பார்த்தேன்.

ஆஸ்பத்திரிக்குப் போகிற பாலம் மூடியிருந்தது. டிரைவர் தோட்டத்துப் பாதையில் சுற்றினார். போகிற வழியெல்லாம் வீட்டுச் சாமான்கள் மலையாய்க் கிடந்தன. மெத்தைகள், பள்ளிக்கூடப் பைகள், தலைகீழாய் ஒரு சாமி மாடம். அவர் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்.

"காலு கனக்குது. யாரோ மண்ணு கட்டி விட்ட மாதிரி."

"ஒண்ணுமில்ல. சும்மா உக்காருங்க."

"உதடு மரத்துப்போச்சு."

அவர் கையைப் பிடித்து என் மடியில் வைத்துக்கொண்டேன். புடைத்த நரம்பின்மேல் மூன்று விரலை வைத்தேன். லோரி குலுங்குகிற குலுக்கலில் எதுவும் பிடிபடவில்லை. அழுத்திப் பார்த்தேன். இரைச்சல் வந்தது. வந்தது, கொஞ்சம் நின்றது, மறுபடி வந்தது. இப்படி அது ஒருநாளும் நின்று நின்று இரைந்ததில்லை. அந்த இடைவெளிகளில் நான் மூச்சு விடவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. எந்தச் சாமியைக் கூப்பிடுவது என்றுகூட ஞாபகம் வரவில்லை. மாரியாத்தா, முருகா, மக்சிக்கின் கடவுள் என்று வாயில் வந்த எல்லாரையும் கூப்பிட்டேன்.

பாதி வழியில் லோரி சேற்றில் புதைந்தது. டிரைவர் மிதித்தார், சக்கரம் அதே இடத்தில் சுற்றிச் சுற்றிச் சேற்றை வாரி அடித்தது. "அலமாக்," என்று ஸ்டீயரிங்கில் தலையை வைத்தார். நான் டிரைவர் தோளைப் பிடித்து உலுக்கினேன். பின்னால் தொம்மென்று ஒரு சத்தம். கண்ணாடியில் பார்த்தேன். அண்ணி கீழே குதித்திருந்தார். சாக்கை இழுத்துக் கவிழ்த்தார். இறக்கிக் கொண்டுவந்த இளநீர் எல்லாம் உருண்டு வாய்க்காலில் விழுந்து மிதந்து போனது. ஒன்றைக்கூட அவர் திரும்பிப் பார்க்கவில்லை. வெறும் சாக்கைச் சக்கரத்துக்கு அடியில் திணித்தார். பாதையோரம் கிடந்த செம்பனை மட்டைகளை முள்ளோடு அள்ளி வந்து போட்டார். பின்பலகையில் தோளை வைத்து, "ஓட்டு" என்று கத்தினார். லோரி ஒரு துள்ளல் துள்ளி ஏறியது. அண்ணி முகத்திலும் வாயிலும் சேறு. ஓடி வந்து கம்பியைப் பிடித்துத் தொற்றிக்கொண்டார்.

"தாஹான் பக்சிக், தாஹான்," என்று டிரைவர் அவரிடம் சொல்லிக்கொண்டே ஓட்டினார். பொறுத்துக்கொள்ளுங்கள் பெரியவரே, பொறுத்துக்கொள்ளுங்கள். அவர் தலை என் தோளில் சாய்ந்தது. கனத்தது.

எமர்ஜென்சியில் அவரைக் கட்டிலில் கிடத்தி நெஞ்சில் வயர்களை ஒட்டினார்கள். டாக்டர் ஒரு மலாய்ப் பெண், தூங்கி நாளாகியிருக்க வேண்டும், கண்கள் சிவந்திருந்தன. என்ன சாப்பிட்டார் என்று கேட்டார். "கெலாப்பா மூடா," என்றேன். இளநீர் என்கிற அந்தச் சொல்லைக் கேட்டதும் அவர் கண் திரைக்குத் தாவியது. அதில் கோடு வர வேண்டிய மாதிரி வரவில்லை என்பது படிக்காத எனக்கே தெரிந்தது. டாக்டர் ஏதோ மருந்துப் பெயரைச் சத்தமாகச் சொன்னார். ஆட்கள் ஓடினார்கள். ஊசிமேல் ஊசி போட்டார்கள்.

"இந்த மருந்து நெஞ்சக் கொஞ்ச நேரம் பிடிச்சு வெச்சுக்கும்," என்றார் அங்கிருந்த தமிழ் மிஸி. "ஆனா ரத்தம் கழுவியே ஆகணும். மெஷின் ரெடியா இருக்கு. மெஷினுக்குத் தண்ணிதான் இல்ல. தண்ணி லோரி வந்துக்கிட்டு இருக்கு."

"எங்க வந்துக்கிட்டு இருக்கு?"

"வந்துக்கிட்டு இருக்கும்மா."

ஊரையே மூழ்கடித்த தண்ணீர் அது. இப்போது அவர் நெஞ்சு துடிப்பதற்கு ஒரு லோரித் தண்ணீர் இல்லை. எனக்குச் சிரிப்பு வருகிற மாதிரி இருந்தது, வாயைப் பொத்திக்கொண்டேன். கட்டிலின் கம்பியைப் பிடித்தபடி திரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கோடு எழும்பும்போது நானும் எழும்பினேன், இறங்கும்போது நானும் இறங்கினேன். அது அகலமாக வந்தால் மிஸியைப் பார்ப்பேன். மிஸி முகத்தில் ஒன்றும் தெரியாது. அவர்களுக்கு அப்படிப் பழக்கியிருக்கிறார்கள் போல.

அவர் என் விரலைத் தொட்டார். நாக்கு தடித்திருந்தது, குனிந்தால்தான் கேட்டது.

"அக்காவை ஏசாத."

"பேசாம படுங்க."

"அக்கா கேட்டா. வெட்டறதுக்கு முன்னாடியே கேட்டா. உனக்கு இது ஒத்துக்குமா தம்பி, தண்ணி கம்மியா குடிக்கச் சொன்னாங்களேன்னு." மூச்சு வாங்கிக்கொண்டார். "தண்ணிதான் கூடாது, இளநி குடிக்கலாம்னு மிஸியே சொன்னாங்கன்னு நாந்தான் சொன்னேன். ஒண்ணு குடிச்சேன். இன்னொண்ணையும் நானே கேட்டு வாங்கினேன்."

என் கை தானாக ஓங்கிக்கொண்டு போனது. நெஞ்சில் வயரோடு கிடக்கிற மனுஷரை. கையை இறக்கி, கம்பியைப் பிடித்து, பல்லைக் கடித்தேன். ஏசுவதற்கு என்னிடம் ஒரு மூட்டை இருந்தது. நாயாய் அலைந்தேனே, குவளையில் அளந்து கொடுத்தேனே, டுரியான் தின்று செத்தவரை மறந்துவிட்டீர்களா என்று நாக்கு நுனிவரை வந்தது. திரையில் கோடு ஒரு குதி குதித்தது. அவ்வளவையும் விழுங்கினேன். விழுங்கிய இடத்தில் பயம் மட்டும் கிடந்தது.

"ரொம்பத் தாகமா இருந்துச்சு," என்றார். கண்ணோரத்தில் தண்ணீர் வந்தது. அவருக்குள் தேங்கிக் கிடந்த அத்தனை தண்ணீரில் அந்தச் சொட்டுதான் வெளியே வந்தது.

வெளியே பெரிய வண்டி பின்னால் வருகிற பீப் பீப் சத்தம் கேட்டது. மிஸி ஜன்னலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு, "வந்திருச்சு," என்றார். அதற்கு முன்னால் எந்தச் சத்தத்தையும் நான் அப்படிக் கேட்டதில்லை. கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனார்கள். மெஷின் இருக்கும் அறைக்குள் என்னை விடவில்லை. கதவுக் கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றேன். கையில் ஊசி குத்தினார்கள், சிவப்புக் குழாய் நிறைந்து ஓடியது, மெஷின் உருளை சுற்ற ஆரம்பித்தது. நான் நகரவில்லை. வெகுநேரம் கழித்து மிஸி வெளியே வந்து, "கோடு சரியாயிருச்சு. உங்க வீட்டுக்காரர் பெரிய ஆளு," என்றார்.

அண்ணியைத் தேடிக்கொண்டு வெளியே வந்தேன். எமர்ஜென்சி வாசலுக்குப் பக்கத்தில் கால்வாய் ஓரச் சிமெண்டில் உட்கார்ந்திருந்தார். உடம்பில் சேறு காய்ந்து வெடித்திருந்தது. செம்பனை முள் கிழித்த கை மடியில் கிடந்தது. உள்ளே வரத் துணியவில்லை போலும், கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வெளியே வருவதைக் கண்டதும் எழுந்து நின்றார். என் முகத்தில் என்ன இருக்கிறது என்று தேடினார். அவர் கண்ணில் அப்போது இருந்த பயத்தைப் பார்த்த பிறகு, என்னுடையதெல்லாம் ஒரு பயமா என்று ஆகிவிட்டது.

"மெஷின்ல போட்டுட்டாங்க அண்ணி. நெஞ்சு சரியாயிருச்சாம்."

அண்ணி அப்படியே மறுபடி உட்கார்ந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அப்புறம் கேட்டேன்.

"அவருதான் பொய் சொன்னாருன்னு ஏன் சொல்லல? நான் என்னென்ன பேசினேன். வாசல்ல அத்தன பேரு முன்னுக்க."

"சொல்லியிருந்தா நீ அவனை ஏசியிருப்ப."

"ஏசத்தான் செய்வேன்."

"அதான். நெஞ்சு நின்னுரும்னு நீதான சொன்ன. அந்த நேரத்துல அவன பதற விடலாமா? என்ன ஏசினா எனக்கென்ன." முள் குத்திய கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "சின்னதுலேர்ந்தே அவன் அப்படித்தான். தாகம்னா பொய் சொல்லுவான்."

மிஸி எனக்குக் கொடுத்திருந்த தண்ணீர்ப் போத்தல் கையில் திறக்காமல் இருந்தது. உதவிக்கு வந்த பெட்டிகளில் ஒன்று. அண்ணியின் உதடு வெடித்து வெள்ளை பூத்திருந்தது. தாமான் முழுக்க வெட்டிக் கொடுத்தவர் தனக்கு ஒன்று வெட்டிக்கொள்ளவில்லை என்று அதைப் பார்த்தாலே தெரிந்தது. மூடியைத் திருகி நீட்டினேன். வேண்டாம் என்றார். கையில் திணித்தேன்.

முதலில் ஒரு வாய் வைத்தார். அப்புறம் நிறுத்தவில்லை. தலையை அண்ணாந்து, கண்ணை மூடி, மடக் மடக்கென்று குடித்தார். தொண்டை ஏறி இறங்கியது. கழுத்தில் வழிந்து, காய்ந்த சேற்றில் கோடு போட்டு ஓடியது. பிளாஸ்டிக் போத்தல் நெளிந்து சத்தம் போட்டது. என் வீட்டில் ஒரு மனுஷர் இப்படிக் குடித்து எத்தனை வருஷம் ஆகிவிட்டது என்று அப்போதுதான் தோன்றியது. நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அண்ணி காலிப் போத்தலைக் கீழே வைத்தார். புறங்கையால் வாயைத் துடைத்தார். கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"அவன்கிட்ட சொல்லிறாத, நான் குடிச்சேன்னு."